கடனோடு தலையில் கட்டிய காப்பீடு: நிராகரித்த புகாரை மறுபடி எழுப்ப முடியுமா?

கேள்வி: வீட்டு வேலையை முடிக்கப் போன வருடம் வங்கியில் ஏழு லட்சம் கடன் வாங்கினேன். பிறகு கணக்கைப் பார்த்தால் 30 ஆயிரம் கூடுதலாக இருக்கிறது. கேட்டால் ஆயுள் காப்பீட்டுப் பிரீமியம் என்கிறார்கள். அன்றைக்கு, "எல்லாத்துலயும் கையெழுத்துப் போடுங்கக்கா, போட்டாத்தான் லோன் பாஸாகும்" என்று சொன்னார்கள், போட்டேன். எனக்குச் சர்க்கரை வியாதி உண்டு. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பாலிசி என்று எந்தக் காகிதமும் வீட்டுக்கு வரவில்லை. வங்கியில் எழுதிக் கொடுத்த புகாரை, சம்மதக் கையெழுத்து இருக்கிறது, ரத்து செய்யும் காலமும் முடிந்துவிட்டது என்று ஏழு மாதத்துக்கு முன் நிராகரித்துவிட்டார்கள். திரும்பத் திரும்ப எழுதியும் "ஏற்கெனவே முடிக்கப்பட்ட புகார்" என்றே பதில் வருகிறது. இனி வழியே இல்லையா?
(பீடித் தொழிலாளி, முக்கூடல்)

பதில்: வழி இருக்கிறது அம்மா. ஆனால் அதே கடிதத்தை அதே அலுவலகத்துக்கு இன்னொரு முறை அனுப்பாதீர்கள். ஒரு தடவை முடித்துவைத்தவர்கள் அதே காகிதத்தைப் பார்த்து மனம் மாற மாட்டார்கள். நினைவூட்டல் எழுத எழுதக் காலக்கெடுவும் நீளாது. முதல் நிராகரிப்புத் தேதியிலிருந்தே அது ஓடிக்கொண்டிருக்கிறது. புதிதாக ஒரு ஆதாரம் வேண்டும், அது சரியான இடத்துக்குப் போக வேண்டும்.

ஆதாரம் உங்கள் கையெழுத்து இருக்கிற படிவத்திலேயே கிடைக்கக்கூடும். காப்பீட்டு விண்ணப்பம், அதோடு சேர்ந்த உடல்நல உறுதிமொழி, காப்பீட்டுச் சான்றிதழ் மூன்றின் நகலையும் எழுத்து மூலம் கேளுங்கள். அரசு வங்கி என்றால் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்துக் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். தனியார் வங்கிக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அங்கே பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நகல் வந்ததும் கையெழுத்தை விட்டுவிட்டு மற்ற எழுத்தைப் பாருங்கள். யார் கையெழுத்தில் நிரப்பியிருக்கிறது? வருமானம் என்ன போட்டிருக்கிறது? செல்போன் எண் உங்களுடையதா? சர்க்கரை வியாதி உண்டா என்ற கேள்விக்கு "இல்லை" என்று டிக் அடித்திருந்தால், உங்கள் வழக்கே அங்கேதான் இருக்கிறது. பாலிசி தொடங்கி மூன்று வருடத்துக்குள் ஏதாவது ஆகியிருந்தால், நோயை மறைத்தார் என்று காரணம் காட்டி உங்கள் பிள்ளைகளுக்குப் பணம் தர மறுத்திருக்க முடியும். மூன்று வருடம் ஆன பிறகுதான் அப்படிக் கேள்வி எழுப்பக் கூடாது என்கிறது காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு. சமயத்துக்கு உதவுமா என்றே தெரியாத ஒன்றை, பீடி சுற்றி வாழ்கிறவர் தலையில் வட்டியோடு ஏற்றியிருக்கிறார்கள். வட்டியையும் சேர்த்துப் பாருங்கள். 10 சதவீத வட்டி, 15 வருடத் தவணை என்றால் அந்த 30 ஆயிரத்துக்காக மட்டும் நீங்கள் கட்டுவது சுமார் 58 ஆயிரம். இதைக் கொஞ்சப் பணம் என்று விட்டுவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ரத்து செய்யும் காலம் முடிந்தது என்கிறார்களே, பாலிசி வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்க 30 நாள் உண்டு; அந்த 30 நாள் பாலிசி ஆவணம் உங்கள் கைக்கு வந்த தேதியிலிருந்துதான் தொடங்கும். ஆவணமே வரவில்லை என்றால், எந்தத் தேதியில் எந்த முகவரிக்கு அனுப்பினீர்கள், வாங்கியவர் யார் என்று கேளுங்கள். அனுப்பியதற்கு அத்தாட்சி காட்ட வேண்டியவர்கள் அவர்கள்தான்.

இன்னொரு காகிதமும் உண்டு. 2024 அக்டோபர் 1 முதல் தரப்படும் தனிநபர் தவணைக் கடன்களுக்கு, எல்லாக் கட்டணங்களையும் காட்டும் முக்கிய விவரத் தாள் ஒன்றை வங்கி கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. காப்பீட்டுக்காக வசூலிப்பதும் அதில் வர வேண்டும். அந்தத் தாளில் இல்லாத கட்டணத்தை உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பிடிக்கக் கூடாது. அதில் 30 ஆயிரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு எச்சரிக்கை: தீ, இடி போன்றவற்றுக்காக வீட்டுக்கு எடுக்கும் காப்பீட்டைக் கடன் நிபந்தனையாக வைப்பது வழக்கத்தில் உள்ளதுதான். உங்கள் சண்டை ஆயுள் காப்பீட்டோடு மட்டும். இரண்டையும் குழப்பி எழுதினால் அதையே பிடித்துக்கொள்வார்கள்.

இனி எங்கே போவது? உங்கள் கடிதத்தில் ஒன்றைக் கவனித்தேன். வங்கியிடம் புகார் செய்திருக்கிறீர்கள், காப்பீட்டு நிறுவனத்திடம் செய்யவே இல்லை. வங்கி அந்த நிறுவனத்தின் ஏஜென்ட் மட்டும்தான். ஆகவே நிறுவனம் உங்களை இன்னும் மறுக்கவில்லை. அதன் குறைதீர் அதிகாரிக்குப் புதிய நகல்களோடு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லை என்றாலோ, ஒரு வருடத்துக்குள் சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம், அதாவது காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரியிடம், போகலாம். கடன் வாங்கிய பலருக்கும் சேர்த்து ஒரே பாலிசியாக எடுக்கும் குழுக் காப்பீடாக இருந்தாலும் அவர் வரம்புக்குள் வரும். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, தபாலிலேயே அனுப்பலாம். அவர் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், உங்களைக் கட்டுப்படுத்தாது.

வங்கியின் நடத்தை பற்றிய புகாருக்கு ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேன் இருக்கிறார். அதற்கும் வங்கி பதில் தந்த நாளிலிருந்து ஒரு வருடம்தான். ஏழு மாதம் போய்விட்டதால் உங்களிடம் ஐந்து மாதம்தான் மிச்சம். பெரிய வங்கிகளில், வங்கி நிராகரிக்க நினைக்கும் புகாரை மறுபடி பார்க்க உள் ஆம்புட்ஸ்மேன் என்று ஒருவர் வங்கிக்குள்ளேயே இருப்பார். ஒரு புகாரை முழுதாகவோ பகுதியாகவோ நிராகரிக்கும் முன் அவர் அதைப் பார்த்திருக்க வேண்டும். உங்களுக்கு வந்த கடிதத்தில் அப்படி ஒரு வரி இல்லை என்றால் அதையும் புகாரில் எழுதுங்கள்.

இவற்றிலும் சரிப்படாவிட்டால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையம். இது வேண்டுமானால் அதையும் வாங்கு என்று கட்டாயப்படுத்துவதை 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறைகேடான வணிகமாகவே கருதுகிறது. இரண்டு வருடக் கெடு உண்டு. ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை. வங்கியின் தலைமையகம் எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஆனால் ஆணையத்துக்கு முதலில் போய்விட்டால் ஆம்புட்ஸ்மேன்கள் அதே விஷயத்தை எடுக்க மாட்டார்கள், அதனால் வரிசை முக்கியம். எழுத உதவி வேண்டுமென்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு.

முடித்த புகாரைத் திறக்கவே முடியாது என்று யாராவது சொன்னால் பிரிட்டனைச் சொல்லுங்கள். அங்கே கடனோடு விற்ற காப்பீட்டுக்காக 3,800 கோடி பவுண்டுக்கு மேல் திருப்பிக் கொடுத்தார்கள். 2014-இல் ஒரு வழக்கில், பிரீமியத்தில் 70 சதவீதத்துக்கு மேல் கமிஷனாகப் போனதைக் கடன் வாங்கியவரிடம் மறைத்தது நியாயமல்ல என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன் பிறகு, முன்பு நிராகரிக்கப்பட்டவர்களிலும் பலருக்கு மறுபடி புகார் செய்ய வழி பிறந்தது. புதிய உண்மை ஒன்று வந்ததால்தான் மூடிய கோப்புகள் திறந்தன.

வழக்கு நடக்கும்போது தவணையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: இதே போன்ற காப்பீட்டுக்காக ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனுக்கு நேரடியாக ஆன்லைனில் புகார் போட்டேன். "ஏற்கத்தக்கதல்ல" என்று மூடிவிட்டார்கள். தோற்றுவிட்டேனா?
(வள்ளியூர் வாசகர்)

பதில்: இல்லை. வங்கியிடம் முதலில் எழுதிக் கேட்காமல் போனதால் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்; உங்கள் பக்கம் நியாயம் உண்டா என்று யாரும் பார்க்கவே இல்லை. வங்கியில் புகார் கொடுத்துப் பதிவு எண் வாங்குங்கள். 30 நாள் பொறுங்கள். பதில் வராவிட்டாலும், வந்த பதில் பிடிக்காவிட்டாலும் அந்த எண்ணோடு புதிதாகப் போடுங்கள். சந்தேகம் இருந்தால் 14448 என்ற ரிசர்வ் வங்கி இலவச எண்ணில் கேட்கலாம்.

கேள்வி: கடனை முன்கூட்டியே அடைத்துவிட்டேன். ஒரே தவணையாகக் கட்டிய பிரீமியத்தில் மிச்சக் காலத்துக்குப் பணம் வருமா?
(சங்கரன்கோவில் வாசகர்)

பதில்: பெரும்பாலான பாலிசிகளில் ஒரு பகுதி வரும், ஆனால் கேட்டால்தான் தருவார்கள். காப்பீட்டுச் சான்றிதழில் சரண்டர் (பாலிசியை இடையில் முடித்துப் பணம் வாங்குவது) பற்றிய பகுதியைப் படித்துவிட்டு, கடன் முடிந்த சான்றின் நகலோடு காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதுங்கள். சில பாலிசிகள் கடன் முடிந்த பிறகும் குறித்த காலம் வரை பாதுகாப்பைத் தொடர விடும். வயதும் உடல்நிலையும் காரணமாகப் புதுப் பாலிசி கிடைப்பது சிரமம் என்றால், பணத்தைத் திரும்ப வாங்காமல் அதை அப்படியே ஓடவிடுவதே நல்லது.