மாட்டிய பாறை மீனைத் தூக்க அவசரப்படாதீர்கள்

மாட்டிய பாறை மீனுக்குப் பின்னாலேயே நாலைந்து பாறைகள் கரைவரை வந்தன, அதைத் தூக்கியதும் எல்லாம் மறைந்துவிட்டன, அப்புறம் லூர் என்ற செயற்கை இரையைத் தொடவே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அவை கூட்டாளிக்குத் துணையாக வரவில்லை. அதன் வாயில் இருப்பதைப் பிடுங்க வருகின்றன. எனக்கு ஒருமுறை பாப்பர் என்ற மிதக்கும் லூரின் முன்கொக்கியில் ஒன்று, பின்கொக்கியில் இன்னொன்று என்று மாட்டி, இரண்டும் ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் கொக்கி வளையமே விரிந்துபோனது.

போட்டி இருக்கும்வரைதான் அவற்றுக்குப் பயம் குறைவு. அதனால் முதல் மீனைக் கொஞ்ச நேரம் தண்ணீரிலேயே நிறுத்துங்கள். கூட வந்தவர் அதற்கு ஐந்தாறு அடி தள்ளி, பின்னால் ஸ்பூனை (உலோகத் தகடு லூரை) வீசட்டும். மேலேயே வீசினால் தங்கூஸ் நரம்பு சிக்கிக்கொள்ளும். ரொம்ப நேரமும் வைக்காதீர்கள், பெரிய சீலா மீன் வந்தால் தலை மட்டும்தான் மிஞ்சும்.

சரி, தனியாகப் போனால்? ஒரு மீன் பின்தொடர்வது தெரிந்ததும் நம் கை தானாக மெதுவாகிவிடும். அதுதான் தப்பு. ரீலை இன்னும் வேகமாகச் சுற்றுங்கள். நின்ற லூரை உற்றுப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும் பாறை, தப்பி ஓடுவதைப் பெரும்பாலும் விடாது.