மூன்றாவது குழுக் கடன் வாங்கலாமா?

கேள்வி: திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு கிராமத்தில், வீட்டின் முன்பக்கத்திலேயே சின்ன மளிகைக் கடை வைத்திருக்கிறேன். என் கணவர் கொத்தனார். எட்டு மாதத்துக்கு முன் சாரத்திலிருந்து விழுந்து முதுகில் அடிபட்டது, இன்னும் வேலைக்குப் போகவில்லை. இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். கடையில் மாதம் 11,000 ரூபாய் போல நிற்கும். இரண்டு குழுக் கடனுக்கு மாதம் 4,600 கட்டுகிறேன். சரக்கு எடுக்கத் தண்டல் வாங்குகிறேன்: 8,500 கையில் தருவார்கள், தினம் 100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். ஒன்று முடிந்ததும் அடுத்ததை எடுப்பேன். இப்போது புதிதாக ஒரு நிறுவனம் 60,000 தருவதாகச் சொல்கிறது. 20,000-க்குப் பிரிட்ஜ், மீதியில் தண்டல், பள்ளிக்கூட பீஸ், வைத்தியச் செலவு என்று கணக்குப் போட்டிருக்கிறேன். நான் சேராவிட்டால் ஆள் குறைந்து மற்ற பெண்களுக்கும் கடன் கிடைக்காதாம். ஊர்க்காரர்கள் எனக்குத் தர வேண்டிய பாக்கி மட்டும் 14,000 இருக்கிறது. என்ன செய்யட்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

இந்த மூன்றாவது கடனை வாங்க வேண்டாம். எட்டு மாதமாக ஒரு குடும்பத்தையே ஒற்றை ஆளாக இழுத்து வருகிறீர்கள், எந்தத் தவணையும் தவறியதாக எழுதவில்லை. அந்த நல்ல பெயரை நம்பித்தான் புது நிறுவனமும் வருகிறது. ஆனால் கணக்கைப் பாருங்கள்.

இப்படிக் குழு சேர்த்துக் கடன் தரும் நுண்கடன் நிறுவனங்களின் வட்டி பெரும்பாலும் 20 சதவீதத்துக்கு மேல்தான். 24 சதவீதம் என்று வைத்தால், 60,000 ரூபாயை இரண்டு வருஷத்தில் கட்டி முடிக்க மாதத் தவணை 3,170 ரூபாய் வரும். அந்த 60,000-இல் கடைக்குள் வருவது பிரிட்ஜுக்கான 20,000 மட்டுமே. கூல்டிரிங்க்ஸும் பாலும் விற்று நாளுக்கு 70 ரூபாய் கூடுதலாக நின்றாலும் மாதம் 2,100தான், அதிலும் கரண்ட் பில் போக வேண்டும். பீஸும் வைத்தியமும் தேவையில்லாத செலவு என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் அந்தச் செலவுக்கும் சேர்த்துத் தவணை கட்டப் போவது உங்கள் கல்லாப்பெட்டி ஒன்றுதான். கடைக் கடன், கடை சம்பாதித்துக் கட்டக்கூடிய அளவில்தான் இருக்க வேண்டும்.

ரிசர்வ் வங்கி 2022-ல் கொண்டுவந்த நுண்கடன் விதியும் இதைத்தான் சொல்கிறது. வீட்டின் எல்லாக் கடனுக்கும் மாதம் கட்டும் தொகை, வீட்டு வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. உங்களுக்கு அந்தப் பாதி 5,500 ரூபாய். இரண்டு குழுவுக்கு 4,600, தண்டலுக்கு 3,000 என்று இப்போதே 7,600 கட்டுகிறீர்கள். தண்டலை அடைத்துவிட்டுப் புதுக் கடனை வாங்கினாலும் 7,770 ஆகிறது! அப்படியும் கடன் தருகிறோம் என்கிறார்கள் என்றால், விண்ணப்பத்தில் உங்கள் வருமானம் என்ன என்று எழுதியிருக்கிறார்கள் எனக் கேட்டுப் பாருங்கள். கூட்டி எழுதினால் கடன் சுலபமாகக் கிடைக்கும், ஆனால் தவணை அந்தக் கூட்டிய வருமானத்திலிருந்து வராது.

இனி தண்டலுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது அதுதான். 8,500 வாங்கி 10,000 கட்டுகிறீர்கள். தினமும் அசல் குறைந்துகொண்டே வருவதால், வருஷக் கணக்கில் பார்த்தால் இது 100 சதவீதத்தைத் தாண்டும் வட்டி. ஒன்று முடிந்து ஒன்று என்று எடுப்பதால் வருஷத்துக்கு 5,000 ரூபாய்க்கு மேல் வட்டியாகவே போகிறது. தமிழ்நாட்டின் 2003-ஆம் ஆண்டு கந்துவட்டித் தடைச் சட்டம், தான் தடுக்கும் வட்டி வகைகளில் தண்டலையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது.

உங்களுக்குச் சரக்கு எடுக்க முதல் இல்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 14,000 ரூபாய் முதல் இருக்கிறது, அது கடன் நோட்டில் மாட்டிக்கொண்டிருக்கிறது. ஊருக்கு வட்டியில்லாமல் கொடுத்துவிட்டு, அந்த ஓட்டையை அடைக்க நீங்கள் வட்டிக்கு வாங்குகிறீர்கள். அதில் 8,500 திரும்பி வந்தாலே அடுத்த தண்டல் தேவைப்படாது.

வசூல் லேசான வேலை இல்லை, தெரியும். நூறு நாள் வேலைச் சம்பளம் தாமதமானால் பாதித் தெருவும் உங்கள் கடையில்தான் கடன் சொல்லும். முகத்தில் அடித்தாற்போல் "கடன் இல்லை" என்று சொன்னால், அடுத்த நாள் எதிர்க் கடைக்குப் போய்விடுவார்கள். அதனால் ஒரே நாளில் நிறுத்த வேண்டாம். இன்று இரவே நோட்டைப் பிரித்து, கொடுக்க முடிந்தும் இழுத்தடிப்பவர்கள் யார், உண்மையிலேயே முடியாதவர்கள் யார் என்று தனித்தனியாக எழுதுங்கள். தனியாக இருக்கும் வயதான அம்மாவை விட்டுவிடுங்கள். மாதச் சம்பளக்காரர், டிராக்டர் வைத்திருப்பவர், பால் பணம் வாங்குபவர் ஆகியோரிடம் பணம் வரும் நாளைத் தெரிந்துகொண்டு அன்றைக்கே கேளுங்கள். "பழைய பாக்கியில் வாரம் ஐம்பதோ நூறோ கொடுத்துவிட்டுப் புதுசா வாங்கிக்கோங்க அண்ணே" என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வீட்டுக்கு இவ்வளவுதான் கடன் என்று ஒரு வரம்பும் வையுங்கள். அப்புறம், கடையிலிருந்து உங்கள் அடுப்படிக்குப் போகும் அரிசியையும் எண்ணெயையும் அதே நோட்டில் எழுதுங்கள். 11,000 நிற்கிறது என்பது சரியான கணக்குதானா என்று அப்போதுதான் தெரியும்.

வசூல் வருவதற்குள் தண்டலை முடிக்க வேண்டுமென்றால், நீங்கள் மகளிர் சுய உதவிக் குழுவில் இருந்தால் குழுவின் சொந்தப் பணத்திலிருந்து தரும் சங்கக் கடன் கேளுங்கள், அந்த வட்டி உங்கள் குழுவுக்கே திரும்பும். இல்லையென்றால் ஒரு கிராம், இரண்டு கிராம் நகையைக் கூட்டுறவுச் சங்கத்தில் அடகு வைப்பதிலும் தப்பில்லை, தண்டலோடு பார்த்தால் வட்டி மிகவும் குறைவு.

கணவரின் வைத்தியத்துக்குக் கடனுக்கு முன் இரண்டு கதவுகளைத் தட்டுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உங்கள் குடும்பம் இருக்கிறதா, அவருக்குத் தேவையான சிகிச்சை அதில் வருமா என்று அரசு மருத்துவமனையிலேயே விசாரிக்கலாம். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் அவர் பதிந்திருந்தால் விபத்து உதவிக்கு விண்ணப்பிக்கலாம். பதிவு புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

பிரிட்ஜ் ஆசை நியாயமானதுதான். கூல்டிரிங்க்ஸ் ஏஜென்சிக்காரரிடம் கம்பெனி பிரிட்ஜ் தருவார்களா என்று கேளுங்கள், ஓரளவு விற்கும் கடைக்குத் தருவதுண்டு. கிடைக்காவிட்டால், தண்டல் ஒழிந்து ஒரு குழுக் கடனும் முடிந்த பிறகு வங்கிக்குப் போங்கள். சிறு தொழில்களுக்குக் கடன் தர 2015-ல் தொடங்கிய முத்ரா திட்டத்தின் 'சிசு' பிரிவில் 50,000 வரை ஜாமீன் சொத்து இல்லாமல் கேட்கலாம். வட்டி, நுண்கடனைவிடக் குறைவாகவே இருக்கும். சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு இலவசம், இப்போதே செய்து வைத்துவிடலாம். அன்றாட விற்பனைக் கணக்கையும் சரக்கு பில்லையும் கையோடு எடுத்துப் போங்கள். முதல் தடவையே மேனேஜர் தலையாட்டிவிடுவார் என்று சொல்ல மாட்டேன். மறுத்தால் காரணத்தை எழுதிக் கேளுங்கள்.

ஒரு மாதம் தவணை தள்ளிப்போனால் பயந்து மறுபடி தண்டலுக்கு ஓடாதீர்கள். நுண்கடன் வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ வரக் கூடாது. மிரட்டி வசூலிப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கி 2025-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்திருக்கிறது. நிறுவனத்திடம் புகார் செய்தும் சரியாகாவிட்டால் ரிசர்வ் வங்கியின் 14448 எண்ணில் பேசலாம். கையில் பணம் சேர்ந்தால் குழுக் கடனை முன்கூட்டியே அடைக்கலாம், அதற்கு அபராதம் கேட்கக் கூடாது.

கடைசியாக, குழுப் பெண்கள். உங்களால் அவர்கள் கடன் தடைபடுகிறதே என்ற சங்கடம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. ஆனால் கூட்டுப் பொறுப்பில் கையெழுத்துப் போட்டால், அவர்களில் யாராவது கட்டாமல் போகும் மாதத்தில் அதையும் உங்கள் தலையில்தான் கட்டுவார்கள். உங்களால் முடியாமல் போனால் அவர்கள் கட்ட வேண்டும். இப்போதைய கணக்கில் அது நடக்கவே வாய்ப்பு அதிகம். "என் கணக்கு இடம் கொடுக்கலை, வேற ஆள் பாத்துக்கோங்க" என்று இந்த வாரமே சொல்லிவிடுங்கள். தள்ளிப்போட்டுக் கையெழுத்துக்கு முந்தின நாள் சொன்னால்தான் அவர்களுக்கு நிஜமாகவே கஷ்டம்.