பாலித் தீவின் திர்த்தா கங்கா: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, இது கோயிலா, அரண்மனையா? அம்மாவைக் கூட்டிட்டுப் போறேன்.

பதில்: ரெண்டும் இல்லை தம்பி. பாலியின் கிழக்குப் பகுதியில், கராங்காசெம் வட்டாரத்தின் ராஜா 1940களில் அமைத்த நீர்த்தோட்டம். ராஜாவே வேலையாட்களோடு சேற்றில் இறங்கி வேலை பார்த்தாராம். புனிதம் என்பது மேல்மட்டத்தில், ஆலமரத்தடியில் இருக்கும் ஊற்றுதான். சுற்றுவட்டாரக் கோயில்களின் சடங்குகளுக்கு அங்கிருந்து தீர்த்தம் எடுத்துப் போகிறார்கள். ஒரு பங்கு அம்லாபுரா நகரத்துக்குக் குடிநீர். மிச்சம் நீச்சல் குளங்களை நிறைத்து, கீழே இறங்கி, கடைசியில் நெல் வயலுக்குப் பாய்கிறது. சாமிக்கு, ஊருக்கு, பயிருக்கு என்ற இந்த ஏற்பாடுதான் எனக்கு அங்கே பிடித்தது. மூலவரைத் தேட வேண்டாம், ஊற்றைக் கும்பிடச் சொல்லுங்கள் அம்மாவிடம்.

கேள்வி: அந்தத் தண்ணியில குளிக்கலாமா சார்? தப்பில்லையா?

பதில்: ஊற்றில் கூடாது. நீச்சல் குளங்களில் தாராளமாக இறங்கலாம், உள்ளூர்ப் பிள்ளைகளும் குதித்துக்கொண்டிருப்பார்கள். தண்ணீர் ஜில்லென்று இருக்கும். வரிசையாக விழும் நீர்த்தாரைகளில் தலை நனைத்து வேண்டிக்கொள்ளும் சடங்கு இங்கே இல்லை. அது தம்பக்சிரிங்கில் உள்ள திர்த்தா எம்புல் கோயில். பெயர் ஒரே மாதிரி இருப்பதால் டிரைவரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பழைய கட்டடம் எவ்வளவு மிஞ்சியிருக்கு?

பதில்: 1963இல் அகுங் எரிமலை வெடித்ததில் பெரும்பகுதி நாசமாகிவிட்டது. இப்போது பார்ப்பதில் நிறைய பிற்பாடு சீரமைத்தது. 11 அடுக்கு நீரூற்று நிச்சயம் கண்ணை நிறைக்கும். இன்னும் பழையது வேண்டுமா, அதே அரச குடும்பத்தின் தாமன் ஊஜுங் என்ற நீர்மாளிகை கடற்கரைப் பக்கம் இருக்கிறது; அதுவும் எரிமலைக்குத் தப்பவில்லை.

கேள்வி: குளத்துக்குள்ள கல்லு மேல நடக்கிற போட்டோ பார்த்தேன். பாட்டியால முடியுமாக்கா?

பதில்: வேண்டாம்மா. கற்கள் நீர்மட்டத்தை ஒட்டி, இடைவெளி விட்டுக் கிடக்கின்றன. காலடியில் கோய் மீன்கள் மொய்க்கும், எதிரே போட்டோ எடுப்பவர் நகரவே மாட்டார். பாட்டி கரையில் உட்கார்ந்து மீனுக்குத் தீனி போடட்டும். காலையிலேயே போனால் கூட்டம் குறைவு.

கேள்வி: சுத்த சைவம் கிடைக்குமா?

பதில்: டெம்பே (புளிக்கவைத்த சோயா), டோஃபு, காய்கறி எல்லாம் கிடைக்கும். சம்பலில்தான் ஆபத்து. மலேசியாவில் பெலாச்சான் என்கிறோமே, அந்த இறால் விழுதைச் சேர்த்து அரைப்பார்கள். "தன்பா தெராசி" (இறால் விழுது இல்லாமல்) என்று ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.