கடலோர வீட்டில் விமான மாடல்களைக் கண்ணாடிக் கூட்டில் வைத்துச் சுவரில் மாட்டலாமா?

கேட்டவர் சொல்வது இது: பிளாஸ்டிக் கிட் வாங்கி ஒட்டிய விமானங்கள் அலமாரி நிறைந்துவிட்டன, பெட்டி ஃப்ரேமில் வைத்துப் படம்போல மாட்ட ஆசை, ஆனால் வீடு கடலுக்குப் பக்கம்.

தாராளமாக மாட்டலாம். குளச்சல் பக்கம் எங்கள் வீட்டு முன்னறையில் இப்போது ஏழு தொங்குகின்றன. எட்டாவதை நானே கெடுத்தேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

என்னைச் சுவருக்கு விரட்டியது பல்லி. திறந்த அலமாரியில் இருந்த ஸ்பிட்ஃபயரின் (இரண்டாம் உலகப்போர்க் காலத்து பிரிட்டிஷ் போர் விமானம்) இறக்கையில் எச்சம் போட்டது. பளபளப்பில்லாத மேட் பெயின்ட் மேல் அது காய்ந்தால் துடைத்தாலும் வட்டமாகக் கறை நிற்கும். போதாக்குறைக்கு நம் ஊர்த் தூசி ஊதினால் போகிற தூசி இல்லை. உப்போடு சேர்ந்து பிசுபிசுவென்று பிடிக்கும். பிரஷால் தட்டப்போனால் தூசிக்கு முன்னால் ஏரியல் கம்பி போய்விடும்.

ஃப்ரேம் கடையில் போய், "அண்ணே, நாலு விரக்கட ஆழத்துல ஒரு கண்ணாடிக் கூடு வேணும்" என்றேன்.

"எந்தச் சுருபத்துக்கு மக்கா? அந்தோணியாரா, சூசையப்பரா?"

"சுருபம் இல்லண்ணே, பிளேன்."

அவர் நம்பவில்லை. வாங்கப் போனபோது உள்ளே சிவப்பு வெல்வெட் ஒட்டி, ஓரத்தில் தங்கச் சரிகையும் வைத்திருந்தார். பிய்த்து எடுக்கவே ஒரு சாயங்காலம் ஆனது. ஆனால் அன்று அவர் சொன்ன ஒன்றைத்தான் இன்றுவரை நான் அளவுகோலாக வைத்திருக்கிறேன்: "முன்னால ரெண்டு விரல், பின்னால ரெண்டு விரல் விடணும். இல்லன்னா பெட்டிக்குள்ள அடைச்சது மாதிரி இருக்கும்." விமானத்துக்கு அந்தப் பின்பக்கத்து இரண்டு விரல்தான் உயிர். விமானம் பலகையில் ஒட்டியிருந்தால் அது பொம்மை. இரண்டு விரல் தள்ளி நின்றால் பலகையில் நிழல் விழும். மேலே ஒரு பக்கமாக விளக்கு வைத்துப் பாருங்கள், நிழல் சற்று விலகிக் கீழே விழுந்து, விமானம் தரைக்கு மேலே போய்க்கொண்டிருப்பதுபோலத் தெரியும். அதனால் பின்னணியில் மேகப் படம் பிரின்ட் எடுத்து ஒட்டாதீர்கள். நிழல் விழுந்த மேகம் மேகமாக இருக்காது, கல்யாண வீட்டு பேனர்போல இருக்கும். நான் வெளிறிய சாம்பல் நிறக் கைத்தறித் துணியை இழுத்து ஒட்டுகிறேன்.

ஆழத்தைக் கணக்குப் போட்டே கூடு சொல்ல வேண்டும். ஸ்பிட்ஃபயரின் இறக்கை நுனிக்கு நுனி 11.23 மீட்டர், 1/72 அளவில், அதாவது அசலை 72-ஆல் வகுத்தால், 15.6 செ.மீ. மேலிருந்து பார்ப்பதுபோல வைத்து 30 டிகிரி சாய்த்தால், ஒரு நுனிக்கும் மறு நுனிக்கும் அதில் பாதி, ஏறக்குறைய 8 செ.மீ. ஆழம் வேண்டும். முன்னும் பின்னும் இரண்டு விரல் சேர்த்தால் 14. சுவரில் தபால் பெட்டி மாட்டியதுபோல இருக்கும். 15 டிகிரி போதும், 10 செ.மீ.க்குள் அடங்கும். சின்ன விமானத்தை இன்னும் சாய்க்கலாம். 1965 போரில் பாகிஸ்தானின் சேபர் விமானங்களை வீழ்த்தியதாகப் பெயர் வாங்கிய நம் விமானப்படையின் நேட் விமானத்தின் இறக்கை 1/72-இல் 9 செ.மீ. சொச்சம்தான், உள்ளங்கையில் அடங்கும். திருவனந்தபுரத்திலிருந்து வளைகுடா போகிறவர்கள் பார்த்துப் பழகிய ஏ320 மாதிரி பயணிகள் விமானம் என்றால் 1/144 அளவில் வாங்கிச் சாய்க்காமல் வையுங்கள்.

விமானத்தைத் தாங்கும் கம்பிக்கு முதலில் சைக்கிள் போக்ஸ் கம்பியை வெட்டிப் போட்டேன். ஒரு ஆனி, ஆடி தாங்கவில்லை, துருப்பிடித்துத் துணியில் பழுப்புக் கோடு இறங்கியது. இப்போது 2 மி.மீ. பித்தளைக் கம்பிதான். ஏர்ஃபிக்ஸ் கம்பெனியின் பழைய கிட்கள் சிலவற்றில் ஸ்டாண்டுக்கென்று அடிவயிற்றிலேயே துளை இருக்கும், அதையே பயன்படுத்தலாம். ஒற்றைக் கம்பி என்றால் நாளாவட்டத்தில் விமானம் சுற்றிக்கொள்ளும், இரண்டாகப் போடுங்கள்.

சுவரில் பறக்கப் போகிற விமானத்துக்குச் சக்கரத்தை மடக்குங்கள், உள்ளே விமானியை உட்கார வையுங்கள். ஆளில்லாமல் பறந்தால் பார்க்கிற சின்னப் பிள்ளை முதலில் அதைத்தான் கேட்கும். வால் தரையில் இடிக்காமலிருக்க மூக்கில் தூண்டில் ஈயம் திணிக்கிற பழக்கம் உண்டல்லவா, இங்கே அது தேவையே இல்லை. வெள்ளைப் பசையில் புதைத்த ஈயம் வருடக்கணக்கில் அரித்து வீங்கி, ஒட்டிய உடம்பையே பிளக்கும்.

இனி அந்த எட்டாவது. 1963-இல் வந்து 2025 செப்டம்பர் 26 அன்று நம் விமானப்படையிலிருந்து விடைபெற்ற மிக்-21 போர் விமானம். மூக்குக் குழாய் உடைந்துபோனதால் இன்சுலின் ஊசியை வெட்டி வைத்தேன், அசல்போலவே இருந்தது. கம்பியைச் சூப்பர் க்ளூவால் ஒட்டி, அவசரப்பட்டு அன்று இரவே கூட்டை மூடித் திருகிவிட்டேன். வெளியே மழை. காலையில் விமானியின் கண்ணாடி மூடி முழுக்க வெள்ளைப் பனி படிந்திருந்தது, கூட்டுக் கண்ணாடியின் உள்பக்கமும் அப்படியே. அந்தப் பசையின் ஆவி ஈரக்காற்றோடு சேர்ந்து வெள்ளையாகப் படிகிற குணம் உள்ளது. கூட்டுக் கண்ணாடியைத் துடைத்துவிட்டேன், விமானியின் மூடியைக் காப்பாற்ற முடியவில்லை. இப்போது எபாக்ஸி பசைதான், ஒட்டினாலும் பெயின்ட் அடித்தாலும் ஒரு வாரம் திறந்து வைத்த பிறகே மூடுகிறேன்.

கூட்டுக்கு வள்ளம் கட்டுகிற அயனி மரம் நல்லது. ரப்பர் மரத் தடி விலை குறைவு, ஆனால் மருந்தேற்றாததாக இருந்தால் வண்டு துளைத்து மாவு நேராக இறக்கை மேல் கொட்டும். பின்பலகையை ஆணி அடிக்கவிடாமல் திருகாணி போடச் சொல்லுங்கள், என்றாவது திறக்க வேண்டி வரும். சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைக் கண்ணில் படாத மூலையில் வைத்தால் நல்லது. முன்பக்கத்துக்கு அக்ரிலிக்கா கண்ணாடியா என்றால், 40க்கு 30 செ.மீ. அளவில் 4 மி.மீ. கண்ணாடி 1.2 கிலோ வரும், 3 மி.மீ. அக்ரிலிக் அரைக்கிலோகூட வராது. ஆனால் அக்ரிலிக் துடைக்கத் துடைக்கத் தூசியை இழுக்கும், கீறலும் விழும். நான் கண்ணாடிக் கட்சி.

எந்தச் சுவர் என்பதையும் பாருங்கள். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு. மேற்குப் பக்க வெளிச்சுவரில் மாட்டினால் ஈரம் பலகை வழியாக உள்ளே ஏறும். அறைக்கு நடுவே வருகிற உள்சுவர் நல்லது. அங்கேயும் கூட்டின் பின்னால் நாலு மூலையிலும் ரப்பர் பட்டன் ஒட்டிக் காற்றுப்போக இடம் விடுங்கள். ஜன்னல் வெயில் நேராக அடிக்கிற சுவர் வேண்டாம், பெயின்டும் டெக்காலும் (விமானத்தில் ஒட்டுகிற சின்னங்கள்) நிறம் மங்கிவிடும். நடுவில் ஒரே கொக்கி போடாமல் இரண்டு மூலைக்கும் தனித்தனித் திருகாணி போடுங்கள், கதவை அறைந்து சாத்துகிற ஆள் வீட்டில் இருந்தால் கட்டாயம்.