இணையக் குழுவில் புதிதாகச் சேர்பவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

குழு நாகரிகம் என்பது, உங்களுக்கு முன்பே அங்கே பேசிக்கொண்டிருப்பவர்களின் நேரத்தையும் பழக்கத்தையும் மதிப்பதுதான்.

மட்டக்களப்பில் கூத்துப் பழகும் களரிக்குப் போனவர்களுக்கு இது எளிதில் விளங்கும். புதிதாக வந்தவர் நேரே வட்டத்துக்குள் இறங்கி ஆட மாட்டார். ஓரமாக இருந்து, கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரின் மத்தளத்தைக் கேட்டு, ஆடுவது வடமோடியா தென்மோடியா, இரண்டு கூத்து வகைகளில் எது என்று பிடிபட்ட பிறகுதான் கால் வைப்பார். இணையத்திலும் அப்படித்தான். 1995இல் வெளியான ஆர்.எஃப்.சி. 1855 என்ற இணைய நடத்தை வழிகாட்டி, எதையும் எழுதுமுன் ஒன்றிரண்டு மாதம் வாசிக்கச் சொன்னது. இன்றைய வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு வாரம் போதும் என்பேன்.

ஏன் இந்தப் பொறுமை? அக்கரைப்பற்றுப் பக்கம் ஒரு விவசாயிகள் குழு என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்போக வேளாண்மையில், அதாவது நெற்பயிரில், அறக்கொட்டிப் பூச்சி விழுந்துவிட்டது என்று ஒருவர் பதறிப்போய்ப் படம் போடுகிறார். அடுத்த நிமிடமே புதியவர் ஒருவர் ஏழெட்டுக் காலை வணக்கப் படங்களைக் கொட்டுகிறார். கேள்வி மேலே போய் மறைந்துவிடும். பதில் தெரிந்தவர் கண்ணில் படாது. அந்த வயலுக்கு ஒரு நாள் தாமதமே பெரிய நட்டம்.

அப்புறம், வாட்ஸ்அப் குழுவில் மற்றவர்களின் எண்கள் நமக்குத் தெரியும். அதற்காக முன்பின் தெரியாதவருக்கு, அதுவும் பெண்களுக்கு, தனியே செய்தி அனுப்பவே கூடாது. குழுவிலேயே கேளுங்கள். குழு விவரத்தில் விதிகள் எழுதியிருந்தால் முதலில் வாசித்துவிடுங்கள்.

இதைப் படித்துவிட்டு, புதியவர் வாயே திறக்கக் கூடாது என்று சிலர் எடுத்துக்கொள்வதுண்டு. அப்படியில்லை, "எனக்கு இது புதிது" என்று சொல்லி நேராகக் கேட்பவருக்குப் பெரும்பாலும் யாராவது பதில் சொல்வார்கள்.