தளம் மாறுவதற்கு முன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கோ, ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கோ மாறலாமா என்று கேட்டு வந்த கடிதங்களில் ஆறினை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: பன்னிரண்டு ஆண்டுகளாக ஆண்ட்ராய்டு கைபேசிகளையே பயன்படுத்தி வருகிறேன். இப்போது கையில் இருப்பது நான்கு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய நடுத்தர விலைக் கைபேசி. எந்தச் செயலியைத் தொட்டாலும் தயங்கித் தயங்கித் திறக்கிறது. மதியத்துக்குள் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது. மகனும் மருமகளும் ஐபோன் வைத்திருப்பதால் என்னையும் அதற்கே மாறச் சொல்கிறார்கள். தமிழ்99 முறையில் தட்டச்சு செய்து பழகியவன் நான். இந்த வயதில் மாறுவது சரியா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்

பதில்: ஐயா, நீங்கள் சொல்லியிருக்கும் இரண்டு குறைகளுமே உங்கள் கைபேசியின் குறைகள், ஆண்ட்ராய்டின் குறைகள் அல்ல. லித்தியம் அயனி பேட்டரி, சார்ஜ் ஏறி இறங்கும் ஒவ்வொரு சுற்றிலும் தன் கொள்திறனைச் சிறிது சிறிதாக இழக்கும். நான்கு ஆண்டுகள் நாள்தோறும் உழைத்த பேட்டரி எந்த நிறுவனத்தின் கைபேசியில் இருந்தாலும் தளர்ந்துதான் போயிருக்கும். சேமிப்பிடம் நிரம்பி வழியும் நிலையில் இருந்தாலும் வேகம் குறையும். நாம் பழைய நடுத்தர விலைக் கைபேசியைப் புதிய ஐபோனுக்கு அருகில் வைத்துப் பார்த்துவிட்டு ‘அந்தத் தளம் எவ்வளவு வேகம்’ என்று வியக்கிறோம். அங்கே நாம் ஒப்பிட்டது வயதையும் விலையையும்தான். ஆகவே முதலில் தேவையற்ற காணொளிகளை நீக்கிச் சேமிப்பிடத்தைக் காலியாக்குங்கள். பேட்டரியை மாற்ற முடியுமா என்று விசாரியுங்கள். பலருக்கு இதுவே போதுமானதாக இருந்துவிடுகிறது.

ஆனால் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அமைப்புகளுக்குள் சென்றால், பாதுகாப்புப் புதுப்பிப்பு கடைசியாக எந்தத் தேதியில் வந்தது என்பது தெரியும். அது ஓராண்டுக்கும் முந்தையது என்றால், கைபேசி நன்றாக ஓடினாலும் மாற்றிவிடுவதே நல்லது. புதிதாக எதை வாங்கினாலும் இந்தப் புதுப்பிப்பு எத்தனை ஆண்டுகளுக்கு வரும் என்று கேட்டு வாங்குங்கள். ஒரு காலத்தில் இதில் ஐபோன் வெகுதூரம் முன்னால் இருந்தது. 2015-இல் வெளிவந்த ஐபோன் 6எஸ், ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ்-இன் 2021-இல் வந்த 15-ஆம் பதிப்பு வரை பெற்றது. 2023 அக்டோபரில் கூகுள் பிக்சல் 8-க்கும், 2024 ஜனவரியில் சாம்சங் கேலக்ஸி எஸ்24 வரிசைக்கும் ஏழு ஆண்டுப் புதுப்பிப்புகளை அந்நிறுவனங்கள் அறிவித்த பிறகு அந்த இடைவெளி உயர்விலைக் கைபேசிகளில் மறைந்துவிட்டது. குறைந்த விலை ஆண்ட்ராய்டுகள் பலவற்றில் அது இன்னும் இருக்கிறது. எனவே தளத்தின் பெயரை மட்டும் பார்க்காமல், வாங்கப்போகும் மாடலுக்கு என்ன உறுதி தரப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்.

தளம் மாறினால் உண்மையில் மாறுவது கைப்பழக்கம். இப்போது திரையின் வலது ஓரத்திலிருந்து கட்டைவிரலை உள்நோக்கி இழுத்து முந்தைய பக்கத்துக்குப் போகிறீர்கள் என்றால், ஐபோனில் அதே விரல் அதே இடத்தில் இழுக்கும். பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. அங்கே இடது ஓரத்திலிருந்து இழுக்க வேண்டும், அல்லது மேல் இடது மூலையில் உள்ள அம்புக்குறியைத் தொட வேண்டும். முதல் இரண்டு வாரங்கள் ஒரு நாளைக்கு நூறு முறை இந்தச் சிறு ஏமாற்றம் நேரும்; பிறகு விரல் தானாகக் கற்றுக்கொள்ளும். தமிழ்99 பற்றிக் கவலை வேண்டாம். 2013-இல் வந்த ஐஓஎஸ் 7 முதலே தமிழ்99, அஞ்சல் ஆகிய இரண்டு விசைப்பலகைகளும் ஐபோனிலேயே உள்ளன. மகனின் கைபேசியில் தமிழ்99-ஐச் சேர்க்கச் சொல்லி, அதில் ஒரு பக்கக் கடிதம் எழுதிப் பாருங்கள். கடையில் ஐந்து நிமிடம் தடவிப் பார்ப்பதைவிட அந்த ஒரு பக்கம் உங்களுக்கு அதிகம் சொல்லும்.

மகனும் மருமகளும் சொல்வதை நான் தள்ளிவிட மாட்டேன். முகம் பார்த்துப் பேச ஃபேஸ்டைம் வேண்டும் என்பதற்காக மாற வேண்டியதில்லை. 2021-இல் வந்த ஐஓஎஸ் 15 முதல், ஐபோன்காரர் அனுப்பும் இணைப்பைத் தொட்டு ஆண்ட்ராய்டின் உலாவியிலிருந்தே சேர்ந்துகொள்ள முடியும். ஆனால் ஏதோ ஒன்று குழம்பிப்போகும்போது, ‘அப்பா, இங்கே தொடுங்கள்’ என்று தன் கைபேசியிலும் அதே திரையைப் பார்த்துக்கொண்டே சொல்லித்தர வீட்டில் ஆள் இருப்பது பெரிய வசதி. வயதில் மூத்தவர்களுக்குக் கைபேசித் தளத்தைத் தேர்ந்தெடுக்க இதைவிட வலுவான காரணம் எதையும் நான் கண்டதில்லை. அவர்கள் அவ்வாறு பொறுமையாக உட்கார்ந்து சொல்லித்தருபவர்கள் என்றால் தாராளமாக மாறுங்கள். இல்லையென்றால், பழகிய தளத்திலேயே நல்ல கைபேசி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு மாறப்போகிறேன். என் அப்பா காலமாகி ஒன்றரை ஆண்டு ஆகிறது. அவர் அனுப்பிய குரல் செய்திகள் வாட்ஸ்அப்பில் இருக்கின்றன. ‘கூகுள் டிரைவில்தான் பேக்கப் இருக்கிறதே, புதிய கைபேசியில் இறக்கிக்கொள்ளலாம்’ என்கிறார் நண்பர். நம்பலாமா?
– ஒரு வாசகி

பதில்: நம்ப வேண்டாம் அம்மா. ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் தன் பேக்கப்பைக் கூகுள் கணக்கில் வைக்கிறது. ஐபோன் வாட்ஸ்அப் ஆப்பிளின் மேகச் சேமிப்பான ஐகிளவுடில் வைக்கிறது. ஒன்றின் பேக்கப்பை மற்றொன்று திறக்காது. இந்த ஒரு விஷயம் தெரியாமல், பழைய கைபேசியை அழித்துவிட்டுப் பிறகு தேடியவர்களின் கடிதங்கள் எனக்குத் தொடர்ந்து வருகின்றன. அவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஆறுதல் மட்டும்தான் இருக்கிறது.

உரிய வழி வேறு. ஆப்பிள் நிறுவனத்தின் ‘மூவ் டு ஐஓஎஸ்’ என்ற செயலியைப் பழைய ஆண்ட்ராய்டில் நிறுவிக்கொண்டு, அதன் வழியாக வாட்ஸ்அப் உரையாடல்களை நேரடியாகப் புதிய ஐபோனுக்கு மாற்றலாம். இந்த வசதி 2022-இல் வந்தது. ஐபோனைப் பெட்டியிலிருந்து எடுத்து முதன்முதலாக அமைக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள். ‘இப்போதைக்குத் திறந்து பார்ப்போம், அதைப் பிறகு செய்யலாம்’ என்று தள்ளிப்போட்டால், ஐபோனை முழுவதும் அழித்து மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். இரண்டிலும் ஒரே தொலைபேசி எண்ணைப் பயன்படுத்த வேண்டும். உரையாடல்களும் படங்களும் குரல் செய்திகளும் வந்துவிடும்; அழைப்புப் பட்டியல் வராது.

சென்ற ஆண்டு என் அக்காவுக்கு இதைச் செய்துகொடுத்தேன். இரண்டு கைபேசிகளையும் சார்ஜரில் செருகி, மேசைமீது பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். மாற்றம் பாதிக்கு மேல் போயிருந்தபோது பழைய கைபேசிக்கு ஓர் அழைப்பு வந்தது. அக்கா பழக்கத்தில் எடுத்துப் பேசிவிட்டார். செயலி திரையிலிருந்து விலகியதும் மாற்றம் நின்றுபோனது, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தோம். இரண்டாவது முறை, அது முடியும்வரை இருவரும் அந்த மேசையை விட்டு எழவில்லை.

உங்களுக்கு அந்தக் குரல் முக்கியம் என்பதால், மாற்றத்தை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் என்பேன். பழைய ஆண்ட்ராய்டைக் கணினியுடன் கேபிளில் இணைத்து, வாட்ஸ்அப்பின் மீடியா கோப்புறைக்குள் பாருங்கள். ‘வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்ஸ்’ என்று ஒரு கோப்புறை இருக்கும். அதற்குள் ஆண்டையும் வாரத்தையும் குறிக்கும் எண்களோடு சிறு சிறு கோப்புறைகள் இருக்கும். அதை அப்படியே கணினியிலும் ஒரு பென்டிரைவிலும் நகலெடுத்து வையுங்கள். அவை ஓபஸ் என்ற ஒலிவடிவில் இருப்பதால் சில பிளேயர்களில் திறக்காது. விஎல்சி பிளேயரில் கேட்கலாம். எல்லாம் முடிந்த பிறகு, புதிய ஐபோனில் அப்பாவுடனான உரையாடலின் மிகப் பழைய குரல் செய்திவரை மேலே சென்று, அதைத் தொட்டு முழுவதும் கேளுங்கள். பெயரும் நேரமும் திரையில் தெரிவது போதாது. குரல் வர வேண்டும். அதுவரை பழைய கைபேசியில் எதையும் அழிக்காதீர்கள்.

கேள்வி: ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு மாறி மூன்று வாரம் ஆகிறது. ஐபோன் வைத்திருக்கும் நண்பர்கள் சிலர் அனுப்பும் குறுஞ்செய்திகள் மட்டும் எனக்கு வருவதில்லை. ஏன்?

பதில்: உங்கள் எண் இன்னும் ஆப்பிளின் ஐமெசேஜ் சேவையில் பதிவாகியிருக்க வேண்டும். நண்பரின் ஐபோன் உங்களையும் ஐபோன்காரர் என்றே எண்ணி அந்த வழியில் அனுப்புகிறது. அதைப் பெற்றுக்கொள்ள உங்களிடம் இப்போது ஐபோன் இல்லை. பழைய ஐபோன் கையில் இருந்தால், உங்கள் சிம்மை அதில் போட்டு ஐமெசேஜை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால், எண்ணை அச்சேவையிலிருந்து நீக்குவதற்கென்றே ஆப்பிள் 2014 முதல் ஓர் இணையப் பக்கம் வைத்திருக்கிறது; அதில் எண்ணைக் கொடுத்து, வரும் குறியீட்டை உள்ளிட்டால் போதும்.

கேள்வி: என்னிடம் ஆப்பிள் வாட்ச் இருக்கிறது. ஆண்ட்ராய்டுக்கு மாறினாலும் அதைப் பயன்படுத்தலாமா?

பதில்: முடியாது. ஆப்பிள் வாட்ச் ஐபோனோடு மட்டுமே இணையும். எதிர்த்திசையிலும் இதே நிலைதான்: 2021-இல் வந்த கேலக்ஸி வாட்ச் 4 முதல் சாம்சங்கின் கடிகாரங்கள் ஐபோனோடு இணைவதில்லை. ஏர்பாட்ஸ் மட்டும் சாதாரண புளூடூத் ஒலிக்கருவியாக ஆண்ட்ராய்டில் வேலை செய்யும். மாறுவதற்கான செலவைக் கணக்கிடும்போது கடிகாரத்தின் விலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பாதுகாப்புக்கு ஐபோன்தான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதற்காகவே மாறலாம் என்று நினைக்கிறேன். உங்கள் கருத்து?
– சிறுதொழில் நடத்தும் ஒருவர்

பதில்: அந்தச் சொல்லில் உண்மை உண்டு, ஆனால் அது எந்த அளவுக்கு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஐபோனில் பெரும்பாலான நாடுகளில் ஆப் ஸ்டோருக்கு வெளியிலிருந்து செயலிகளை நிறுவ முடியாது. ஆண்ட்ராய்டில் யாரோ அனுப்பிய ஏபிகே கோப்பை, அதாவது செயலியை நிறுவும் கோப்பைத் தொட்டு, எச்சரிக்கைகளுக்கெல்லாம் ‘சரி’ கொடுத்துக்கொண்டே போனால் அது நிறுவப்பட்டுவிடும். கேடான செயலிகள் நுழையும் முக்கியமான வாசல் அது. வேறு செயலிகளிலும் தளங்களிலும் நம்மைப் பின்தொடர்வதற்கு ஒரு செயலி நம்மிடம் அனுமதி கேட்டாக வேண்டும் என்ற விதியை ஆப்பிள் 2021-இல் ஐஓஎஸ் 14.5-உடன் கொண்டுவந்தது, இதுவும் மதிக்கத்தக்க வேறுபாடு.

ஆனால் உங்கள் கடிதத்தில், தொழில் கூட்டாளி ஒருவர் தொலைபேசியில் ஓடிபியைச் சொல்லிப் பணத்தை இழந்ததைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அந்த மோசடி கைபேசியை உடைத்து உள்ளே வரவில்லை, பேச்சால் வந்தது. அவர் ஐபோன் வைத்திருந்தாலும் அந்த ஓடிபி அவர் வாய்வழியாகவே போயிருக்கும். புதுப்பிப்புகள் வந்துகொண்டிருக்கும் ஆண்ட்ராய்டில், வெளியிலிருந்து செயலி நிறுவும் அனுமதியைக் கொடுக்காமல், திரைப்பூட்டை வலுவாக வைத்திருந்தால், உங்கள் தேவைக்கு அது போதும். பாதுகாப்பு ஒன்றுக்காகவே அதிகச் செலவு செய்து மாறுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: விலை கொடுத்து வாங்கிய செயலிகள் புதிய தளத்துக்கு வருமா? மாறியவுடன் பழைய கைபேசியைத் தம்பிக்குக் கொடுத்துவிடலாமா?

பதில்: ஒரு தளத்தின் செயலிக் கடையில் ஒருமுறை விலை கொடுத்து வாங்கிய செயலி மறுதளத்தின் கடைக்கு வராது, மீண்டும் வாங்க வேண்டும். மாதச் சந்தாக்களில், நிறுவனத்திடமே நேரடியாகக் கட்டுபவை உங்கள் கணக்கோடு வந்துவிடும். ஆப் ஸ்டோர் வழியாகவோ பிளே ஸ்டோர் வழியாகவோ கட்டுபவற்றை அந்தந்தக் கடையிலேயே நிறுத்த வேண்டும். கைபேசியை மாற்றியதால் அவை தாமாக நிற்பதில்லை. மேகச் சேமிப்பையும் பாருங்கள்: கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி, ஐகிளவுட் தருவது 5 ஜிபி.

தம்பியை ஒரு மாதம் காத்திருக்கச் சொல்லுங்கள். இதை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் தளம் மாறியபோது, படங்களும் எண்களும் வந்துவிட்டன என்ற திருப்தியில் மூன்றாம் நாளே பழைய கைபேசியை அழித்துவிட்டேன். கணக்குகளில் நுழைய ஆறு இலக்கக் குறியீடு தரும் அங்கீகாரச் செயலி அதில் மட்டுமே இருந்தது. புதிய கைபேசியில் அதே செயலியை நிறுவித் திறந்தேன். பட்டியல் வெறுமையாக இருந்தது. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் அடையாளச் சான்று அனுப்பி, ஒவ்வொரு கணக்காக மீட்டெடுக்க ஐந்து வாரங்கள் ஆயின. ஒரு பழைய மின்னஞ்சல் கணக்கு திரும்பவேயில்லை. இன்று அத்தகைய செயலிகள் சிலவற்றில் மேகத்தில் ஒத்திசைக்கும் வசதி உண்டு. கூகுளின் செயலிக்கு அது 2023-இல் வந்தது. அது உங்கள் கைபேசியில் இயக்கத்தில் இருக்கிறதா என்று நீங்களே திறந்து பாருங்கள். வங்கி, மின்னஞ்சல், அலுவலகக் கணக்கு என்று ஒவ்வொன்றிலும் புதிய கைபேசியிலிருந்து ஒருமுறையாவது நுழைந்து பாருங்கள்.

அந்த ஒரு மாதம் கழிந்து எதையும் தேடிப் பழைய கைபேசியை எடுக்கவில்லை என்றால், தம்பிக்குக் கொடுக்கலாம். அழிப்பதற்கு முன், அது ஐபோனாக இருந்தால், தொலைந்த கைபேசியைத் தேட உதவும் ‘ஃபைண்ட் மை’ வசதியை அணைத்து ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறுங்கள். ஆண்ட்ராய்டாக இருந்தால் கூகுள் கணக்கை அமைப்புகளிலிருந்து நீக்குங்கள். இதைச் செய்யாமல் கொடுத்தால், கைபேசி தம்பியிடம் உங்கள் கடவுச்சொல்லைக் கேட்டு நிற்கும்.