பெட்டியா, பேட்டரியா?

வேனில் கட்டில் போட்டு ஊர் சுற்றக் கிளம்பியவர்கள் கூடிவிட்டார்கள் போலிருக்கிறது. இந்த வாரக் கடிதங்களில் பாதி கரண்ட் பற்றியவைதான்.

கேள்வி: டிராவலர் வேனில் படுக்கை, சின்ன ஃப்ரிட்ஜ் எல்லாம் வைத்திருக்கிறோம். 1,000 வாட்-அவர் பவர் ஸ்டேஷன் (பேட்டரி, இன்வெர்ட்டர் எல்லாம் உள்ளேயே அடங்கிய பெட்டி) வாங்கலாமா, வேனிலேயே இன்னொரு பேட்டரி மாட்டலாமா? எது நல்லது?
- கோவை வாசகர்

பதில்: மாதம் எத்தனை நாள் போவீர்கள், எங்கே தங்குவீர்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. எத்தனை பேர் சாப்பாட்டுக்கு என்று சொல்லாமல் எத்தனை படி அரிசி போடலாம் என்றால் எப்படி? சரி, நானே கணக்குப் போடுகிறேன். ஒரு வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு வாட்-அவர். சின்ன கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் ஒரு நாளைக்கு 400 முதல் 500 வாட்-அவர் குடிக்கும். 30 வாட் ஃபேன் எட்டு மணி நேரம் ஓடினால் 240. விளக்கு, போனுக்கு 100. ஆக, 800 பக்கம். பெட்டியில் 1,000 என்று அச்சடித்திருந்தால் இன்வெர்ட்டர் தின்றது போகக் கைக்கு வருவது சுமார் 850. ஒரு நாள் தாங்கும்.

மறுநாளைக்கு எங்கிருந்து நிரப்புவீர்கள்? இதை யாருமே கேட்பதில்லை. சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சுமார் 100 வாட்தான் வரும். கோவையில் கிளம்பிச் சென்னை வந்து சேர்ந்தாலும் பெட்டி முழுசாக நிறையாது. இரண்டாவது பேட்டரிக்கு 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் (வண்டி ஓடும்போது டைனமோ கரண்டை அளவாக பேட்டரிக்கு ஏற்றுவது) மாட்டினால் மூன்று மணி நேர ஓட்டத்தில் அதே அளவு ஏறிவிடும். பெட்டிக்கும் அப்படி ஒரு சார்ஜர் வருகிறது. ஆனால் வண்டியில் ஒயர் இழுக்கத்தான் போகிறோம் என்றால் அப்புறம் பெட்டி எதற்கு?

வேன் சொந்தம், மாதம் இரண்டு முறையாவது போவீர்கள் என்றால் பேட்டரி. வருடத்துக்கு இரண்டு டிரிப், அதுவும் வாடகை வண்டி என்றால் பெட்டி. மிச்ச நாள் வீட்டில் கரண்ட் போகும்போது உதவும்.

கேள்வி: 500 வாட் பவர் ஸ்டேஷனில் 1,800 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு ஓடுமா?
- மதுரை

பதில்: ஓடாது.

கேள்வி: வீட்டு இன்வெர்ட்டருக்கு வாங்கிய 150 ஏ.ஹெச். (ஆம்பியர்-அவர்) டியூபுலர் பேட்டரி சும்மா கிடக்கிறது. வேனில் வைத்துவிடலாமா?
- திருச்சி

பதில்: நான் வைத்தேன். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பாதி தாண்டுவதற்குள் ஆசிட் மூடி வழியாகத் தளும்பிவிட்டது. படுக்கை விரிப்பெல்லாம் ஓட்டை. நாற்றம் ஒரு மாதம் போகவில்லை. ஐம்பது கிலோவுக்கு மேல் சுமந்தும், பேட்டரி நீடிக்க வேண்டுமானால் அதன் சார்ஜில் பாதியைத்தான் பயன்படுத்த முடியும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். கதவைச் சாத்திக்கொண்டு அதன் பக்கத்தில் படுப்பீர்களா? எக்ஸ்சேஞ்சில் போடுங்கள்.

கேள்வி: என் கணவருக்கு இரவில் சீபாப் மெஷின் (தூக்கத்தில் மூச்சு அடைபடாமல் காற்றைச் செலுத்துவது) இல்லாமல் முடியாது. ஆன்லைனில் '1,00,000 எம்.ஏ.ஹெச்.' பவர் ஸ்டேஷன் வாங்கினோம். "வேனில் வைக்கிற 100 ஏ.ஹெச். பேட்டரியும் இதுவும் ஒன்றுதான்" என்று விற்பவர் வாட்ஸ்அப்பில் எழுதினார். முதல் இரவே மூன்று மணிக்கு நின்றுவிட்டது. பிரித்த பெட்டியைத் திருப்பி எடுக்க முடியாது என்கிறார்கள்.
- சேலம்

பதில்: அம்மா, தப்பு உங்களுடையது இல்லை. இந்த மோசடியைப் பற்றிப் பத்து வருடமாவது கத்திக்கொண்டிருக்கிறேன், இன்னொரு தடவை கத்துகிறேன். ஏ.ஹெச். என்பது தனியாக ஒன்றுமே சொல்லாத எண். வோல்ட்டால் பெருக்கினால்தான் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று தெரியும். வேனில் வைக்கும் லித்தியம் பேட்டரி 12.8 வோல்ட், 100 ஏ.ஹெச். என்றால் 1,280 வாட்-அவர். ஆயிரம் எம்.ஏ.ஹெச். ஒரு ஏ.ஹெச். என்பதால் உங்கள் பெட்டியிலும் 100 ஏ.ஹெச்.தான், ஆனால் கணக்கு 3.7 வோல்ட் செல்லுக்கு. வெறும் 370 வாட்-அவர்! மூன்றில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. எத்தனை லிட்டர் பால் என்று சொல்லாமல் எத்தனை டம்ளர் என்று மட்டும் சொல்லி, டம்ளரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்வதுதான் இது. செல்போன் பவர் பேங்கில் வந்த பழக்கம். அங்கே எல்லா டம்ளரும் ஒரே அளவு என்பதால் கேடில்லை. இவ்வளவு பெரிய பெட்டியில் எம்.ஏ.ஹெச். போட ஒரே காரணம், சைபர் நிறைய தெரியும் என்பதுதான்.

அந்த வாட்ஸ்அப்பை அழிக்காதீர்கள். விளம்பரத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஆன்லைன் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள்; 2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் ஒப்புதல் தந்து ஒரு மாதத்துக்குள் அவர் தீர்த்தாக வேண்டும். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள். மசியவில்லையென்றால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், விற்றவர் எந்த ஊராயிருந்தாலும் சரி. இரண்டு வருடம் அவகாசம் உண்டு. பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணமும் இல்லை.

அதுவரைக்கும்: மெஷினில் காற்றை ஈரமாக்கும் சூட்டை நிறுத்தலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கரண்டை அதிகம் தின்பது அந்தச் சூடுதான். உங்கள் மாடலுக்கு நேரே பேட்டரி கரண்டில் ஓட்டும் டிசி ஒயர் கிடைத்தால் இன்வெர்ட்டர் நஷ்டமும் மிச்சம்.

கேள்வி: டிசம்பரில் விமானத்தில் லே போய், அங்கே வாடகை வேன் எடுக்கிறோம். பவர் ஸ்டேஷனைக் கையோடு கொண்டு போகலாமா?
- நெல்லை

பதில்: முடியாது. 100 வாட்-அவரைத் தாண்டினாலே விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், 160-ஐத் தாண்டினால் ஏற்றவே மாட்டார்கள். அங்கேயே பெட்டியை வாடகைக்கு எடுத்தாலும் உறைகுளிரில் லித்தியத்தை சார்ஜ் போடாதீர்கள், செல் கெட்டுவிடும்.

கேள்வி: டிசி-டிசி சார்ஜரே வேண்டாம், தடி ஒயர் போட்டு லித்தியம் பேட்டரியை நேரே டைனமோவில் கொடுத்துவிடலாம் என்கிறார் மெக்கானிக்.
- தூத்துக்குடி

பதில்: டைனமோ கருகினால் அவர் புதுசு வாங்கித் தருவாரா என்று கேளுங்கள். லித்தியம் கொடுப்பதையெல்லாம் இழுக்கும்; டைனமோவுக்கு மூச்சு முட்டும். பேட்டரி முனையை ஒட்டி ஃப்யூஸ் போடச் சொல்லவும் மறக்காதீர்கள். 'ஆயிரம் வாட்' என்ற லைட்டர் சாக்கெட் இன்வெர்ட்டரை நம்பிக் கோத்தகிரியில் கெட்டில் போட்டவன் நான். வண்டி ஃப்யூஸ் போய், காபியும் இல்லை, போன் சார்ஜும் இல்லை.

கேள்வி: பில் இல்லாமல் வாங்கியதில் நாலாயிரம் மிச்சமானது. இப்போது டிஸ்ப்ளே வரவில்லை. வாரண்டி கிடைக்குமா?
- ஈரோடு

பதில்: அந்த நாலாயிரத்தை வைத்து ரிப்பேர் பாருங்கள்.